எழுவாய் யார்? கருக்கலைப்புச் சட்டத்தைப் படிக்க ஓர் எளிய தொடக்கம்

கருக்கலைப்பு இந்தியாவில் சட்டப்படி செல்லுமா என்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர், "ஐயோ, அது குற்றம். டாக்டரையே உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள்" என்பார்கள். மீதிப் பேர், "ஐம்பது வருஷமாக அதற்கென்று சட்டமே இருக்கிறதே" என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டு தரப்பு சொல்வதும் உண்மை. அது எப்படி என்று புரிந்துவிட்டால், நாடாளுமன்றத்தில் இதைப் பற்றி நடந்த சண்டைகளும் நீதிமன்றங்களில் வந்த வழக்குகளும், ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கும் பேச்சும்கூடப் புரிந்துவிடும்.

முதலில் குற்றம் என்கிற பக்கத்தைப் பார்ப்போம். 1860-இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-ஆவது பிரிவு, ஒரு பெண்ணின் கருவை வேண்டுமென்றே கலைப்பது குற்றம் என்றது. மூன்று ஆண்டு வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. அவள் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் மட்டுமே விலக்கு. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவில் குற்றவாளிதான். 2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பிரிவு எண் 88 ஆனது, சரக்கு மாறவில்லை.

இப்போது மறுபக்கம். 1971-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். ஆஸ்பத்திரிகளில் சுருக்கமாக எம்.டி.பி. என்பார்கள். அதன் மூன்றாவது பிரிவின் தொடக்கம் ஏறக்குறைய இப்படிப் போகிறது: தண்டனைச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும் சரி, இந்தச் சட்டத்தின்படி ஒரு கருவைக் கலைத்தால், பதிவு பெற்ற மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார்.

பள்ளியில் இலக்கண ஆசிரியர் எழுவாய், பயனிலை பிரிக்கச் சொல்வாரே, அதை இந்த வாக்கியத்தில் செய்து பாருங்கள். குற்றவாளி ஆகாதவர் யார்? மருத்துவர். எழுவாய் அவர்தான். பெண் அந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை. அதாவது இந்தச் சட்டம் பெண்ணுக்கு ஓர் உரிமையை எழுதிக் கொடுக்கவில்லை. குற்றம் என்று கட்டிய சுவரில் ஒரு வாசல் வைத்து, அதன் வழியாக மருத்துவர் நடந்துபோக அனுமதித்திருக்கிறது. பெண் அவர் பின்னால் வரலாம். என் வாசிப்பில், ஐம்பது ஆண்டு விவாதத்தில் சிக்கல் என்று வந்ததெல்லாம் இந்த எழுவாய்க் கோளாறிலிருந்து கிளைத்ததுதான்.

1971-இல் என்ன பேசினார்கள்

சட்டம் திடீரென்று வந்துவிடவில்லை. 1964-இல் மத்திய அரசு ஒரு குழு போட்டது. தலைவர், மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சாந்திலால் ஷா. நாட்டில் கருக்கலைப்பு எப்படியெல்லாம் நடக்கிறது என்று விசாரித்து, 1966 கடைசியில் அறிக்கை கொடுத்தது அந்தக் குழு. சட்டம் தடுப்பதால் கலைப்பு நின்றுபோகவில்லை, திருட்டுத்தனமாக, ஆபத்தான கைகளில் நடக்கிறது என்பதுதான் சாரம். பிரிட்டனில் 1967-இல் சட்டம் தளர்த்தப்பட்டதும் அதே காலம்தான். 1969-இல் மாநிலங்களவையில் மசோதா வந்தபோது சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை அமைச்சர்களில் மக்கள்தொகை ஆய்வாளரான எஸ். சந்திரசேகரும் ஒருவர். 1971 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல், 1972 ஏப்ரல் 1 முதல் அமல்.

குடும்பக் கட்டுப்பாடு என்று ஊர் ஊராகச் சிவப்பு முக்கோணம் வரைந்துகொண்டிருந்த காலம் அது. ஆனாலும் மசோதாவின் நோக்கவுரையில் எழுதிய காரணங்கள் மூன்று. பெண்ணின் உயிருக்கோ, உடல், மன நலத்துக்கோ ஆபத்து. பாலியல் வன்முறையால் வந்த கரு என்றால் மனிதாபிமானம். பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான குறை இருக்கும் என்ற கவலை. பெண் தானாக முடிவு செய்வது என்பது நான்காவது காரணமாகக்கூட வரவில்லை.

அதே நோக்கவுரையில் இன்னொரு வரி உண்டு. இப்படிக் கலைத்துக்கொள்ளும் தாய்மார்களில் பெரும்பாலோர் திருமணமானவர்கள், கர்ப்பத்தை மறைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை என்பது அதன் பொருள். படிக்கும்போது கொஞ்சம் சிரிப்பு வரும். "இவர்கள் தப்பான பெண்கள் இல்லை, நம் வீட்டுப் பெண்கள்தான்" என்று அவைக்குச் சமாதானம் சொல்வது போல இருக்கிறது. இந்தச் சமாதானம் சட்டத்துக்குள்ளேயே புகுந்துகொண்டது. கருத்தடை சாதனம் பலிக்காமல் கர்ப்பமாகிவிட்டால் கலைக்கலாம், ஆனால் அது "திருமணமான பெண்ணோ அவள் கணவனோ" பயன்படுத்திய சாதனமாக இருக்க வேண்டும். திருமணமாகாத பெண்ணுக்கு அந்த வாசகத்தில் இடமில்லை. அந்த ஒற்றைச் சொல் ஐம்பது வருஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

12 வாரம் வரை ஒரு மருத்துவர், 12 முதல் 20 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. உலக அளவில் பார்த்தால் அந்தக் காலத்துக்கு இது துணிச்சலான சட்டம்தான், அதை மறுக்க முடியாது. அமெரிக்காவில் கருக்கலைப்பை உரிமையாக்கிய ரோ வழக்கின் தீர்ப்பு 1973-இல்தான் வந்தது. அதையும் 2022-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது. நம் சட்டம் நின்றுகொண்டிருக்கிறது.

வாரத்தை எப்படி எண்ணுவது

வீட்டில் நாம் மாசக் கணக்கில் பேசுவோம். மூணு மாசம், அஞ்சு மாசம், ஏழாம் மாசம் வளைகாப்பு. சட்டம் வாரத்தில் பேசுகிறது. அந்த வாரம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?" கடைசி மாதவிலக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். கரு தரித்த நாளிலிருந்து அல்ல. ஆக, கரு உண்டாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே கணக்கு ஓட ஆரம்பித்திருக்கும். நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று ஒரு பெண் சந்தேகப்படும் அன்றைக்கே, ஏட்டில் நான்கு வாரம் முடிந்திருக்கும். மருந்துக் கடையில் டெஸ்ட் கிட் வாங்கி இரண்டு கோடு பார்க்கும்போது ஐந்து. மாதவிலக்கு முன்பின்னாக வரும் பெண்ணுக்கோ, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பதால் மாதவிலக்கே வராதவளுக்கோ, இது எங்கேயோ போய்விடும். யாரிடம் சொல்வது, பணத்துக்கு எங்கே போவது, வேலைக்கு என்ன காரணம் சொல்லி லீவு போடுவது என்று யோசிப்பதற்குள் இன்னும் மூன்று வாரம்.

அப்புறம் ஸ்கேன். கருவின் உறுப்புகள் ஒழுங்காக உருவாகியிருக்கின்றனவா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேனை பொதுவாக 18 முதல் 20 வாரத்துக்குள் எடுப்பார்கள். அதற்கு முன்னால் எடுத்தால் இதயமும் மூளையும் தெளிவாகத் தெரியாது. பழைய சட்டத்தின் எல்லையோ 20 வாரம். அதாவது கேள்வித்தாள் கைக்கு வரும்போது மணி அடித்துவிடும். இதயத்தில் கோளாறு என்று தெரிகிறது, இன்னொரு மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள் என்கிறார்கள், காட்டி முடிப்பதற்குள் 21. 2008-இல் மும்பையில் ஒரு தம்பதி இப்படித்தான் 24-ஆவது வாரத்தில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் போய் நின்றார்கள். கருவின் இதயத்தில் பழுது. நீதிமன்றம் மறுத்துவிட்டது. 20 என்ற எண்ணைப் பற்றி நாடே பேச ஆரம்பித்தது அந்த வழக்குக்குப் பிறகுதான்.

2020, 2021: குரல் வாக்கெடுப்பு

2020 மார்ச் 2 அன்று அப்போதைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன் மக்களவையில் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். மார்ச் 17 அன்று அது நிறைவேறியது. ஒரு வாரத்தில் ஊரடங்கு. மாநிலங்களவைக்கு வந்து நிறைவேற 2021 மார்ச் 16 ஆகிவிட்டது. சரியாக ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் பழைய 20 வாரம்தான் எல்லை.

மசோதா தந்தது என்ன? 20 வாரம் வரை ஒரு மருத்துவர் போதும். 20 முதல் 24 வாரம் வரை, சில வகைப் பெண்களுக்கு மட்டும், இரண்டு மருத்துவர்கள். கருவில் கடுமையான குறை இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால் வார வரம்பே கிடையாது. "திருமணமான பெண்ணோ அவள் கணவனோ" என்பது "பெண்ணோ அவள் துணையோ" என்று மாறியது. பெண்ணின் அடையாளத்தை வெளியே சொன்னால் ஓராண்டு வரை சிறை. எல்லாமே நல்ல மாற்றங்கள். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சிகளும் மசோதாவின் நோக்கத்தில் பெரிதாக முட்டிக்கொள்ளவில்லை.

முட்டல் வேறு இடத்தில் வந்தது. முடிவு இப்போதும் மருத்துவர் கையில்தானே இருக்கிறது, பெண் ஏன் வாரியத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். வாரியத்தில் மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் நிபுணர் எல்லோரும் இருக்க வேண்டும். இத்தனை நிபுணர்களுக்கு நாட்டில் பல மாவட்டங்கள் எங்கே போகும்? மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று மாநிலங்களவையில் கோரிக்கை எழுந்தது. தேர்வுக் குழு என்பது ஒரு சில உறுப்பினர்கள் உட்கார்ந்து மசோதாவை வரிவரியாகப் படித்து, மருத்துவர்களையும் பெண்கள் அமைப்புகளையும் கூப்பிட்டுக் கேட்டு, திருத்தித் தரும் ஏற்பாடு. அந்தக் கோரிக்கை குரல் வாக்கெடுப்பில் தோற்றது. மசோதாவும் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறியது.

குரல் வாக்கெடுப்பைப் பார்க்காதவர்களுக்கு: அவையை நடத்துபவர், ஆதரிப்பவர்கள் "ஆம்" என்று சொல்லுங்கள், எதிர்ப்பவர்கள் "இல்லை" என்று சொல்லுங்கள் என்பார். எந்தப் பக்கம் சத்தம் கூடுதல் என்று அவர் காதுக்குப் படுகிறதோ அதுதான் முடிவு. அரை நிமிஷ வேலை. யார் எந்தப் பக்கம் என்று பெயர்ப்பட்டியல் இருக்காது. உங்கள் தொகுதி உறுப்பினர் என்ன சொன்னார் என்று நீங்கள் பின்னால் தேடிப் பார்க்க வழியில்லை. 2019-இல் தேர்வான அந்த மக்களவையில் 543 இடங்களில் பெண்கள் 78 பேர் என்பதையும் இங்கே ஓரமாகச் சொல்லிவைக்கிறேன்.

சட்டம் வேறு, விதி வேறு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இந்தப் பகுதியைத்தான் சொல்வேன். செய்திகளில் யாரும் விளக்குவதில்லை.

24 வாரம் வரை "சில வகைப் பெண்களுக்கு" என்றேன் அல்லவா? அந்த வகைகள் என்னென்ன? மசோதாவைப் புரட்டினால் கிடைக்காது. "விதிகளில் குறிப்பிடப்படும் வகையினர்" என்று மட்டும் இருக்கும். அவை நிறைவேற்றுவது சட்டம். அதன் கீழ் அரசு பின்னால் எழுதிக்கொள்வது விதி. சட்டம் 2021 செப்டம்பர் 24 அன்று அமலுக்கு வந்தது. விதிகள் அக்டோபர் 12 அன்று அரசிதழில் வந்தன. யாருக்கு 24 வாரம், யாருக்கு 20 வாரம் என்ற உயிரான பட்டியல் அதில்தான் இருந்தது. ஆக, கைதூக்கியவர்கள் பட்டியலைப் பார்க்காமலே கைதூக்கினார்கள். அதுவும் கைகூடத் தூக்கவில்லை, குரல்தான். விதிகளைப் பின்னர் இரு அவைகளிலும் வைப்பார்கள், மாற்றச் சொல்லலாம் என்று ஏற்பாடு இருக்கத்தான் செய்கிறது. கட்டுக்கட்டாக வரும் காகிதத்தில் அதை எடுத்து வைத்துச் சண்டை போடுபவர் அரிது.

பட்டியலில் இருந்தவர்கள்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள், கருவில் குறை கண்டறியப்பட்டவர்கள், பேரிடரிலோ நெருக்கடியிலோ சிக்கியவர்கள். அப்புறம், கர்ப்ப காலத்தில் மண நிலை மாறியவர்கள். இந்தக் கடைசி வகைக்கு அடைப்புக்குறிக்குள் விளக்கம் போட்டிருந்தார்கள்: கைம்பெண் ஆவது, மணமுறிவு.

2022-இல் 25 வயதுப் பெண் ஒருவர் இந்த அடைப்புக்குறியில் மாட்டிக்கொண்டார். திருமணமாகவில்லை. இருவர் சம்மதத்தோடு இருந்த உறவு, கல்யாணம் என்று வந்தபோது அவன் விலகிவிட்டான். அப்போது 20 வாரம் தாண்டிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பட்டியலில் உன்னைப் போன்றவர் இல்லையே என்று நீதிமன்றம் கைவிரித்தது. கணவனை இழந்தவள் என்றால் முடியும், விவாகரத்து ஆனவள் என்றால் முடியும், கல்யாணமே ஆகாமல் கைவிடப்பட்டவளுக்கு முடியாது. எந்தத் தர்க்கத்தில் இதைப் பொருத்துவது?

ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தந்தது. செப்டம்பர் 29 அன்று நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா அமர்வின் முழுத் தீர்ப்பு வந்தது. மணமானவள், ஆகாதவள் என்று பிரிப்பது அரசமைப்புக்கு ஒவ்வாது, விதியைத் திருமணமாகாத பெண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்றார்கள். அதோடு நிற்கவில்லை. கணவனே வல்லுறவு செய்து கரு உண்டானாலும், இந்தச் சட்டத்துக்கு மட்டும் அதை வல்லுறவு என்றே கொள்ள வேண்டும், அதற்குப் புகாரோ வழக்கோ கேட்கக் கூடாது என்றார்கள். தண்டனைச் சட்டம் திருமணத்துக்குள் வல்லுறவை இன்னும் குற்றமாக ஏற்கவில்லை என்பதை வைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய எட்டு என்று புரியும். நாடாளுமன்றம் செய்யாமல் விட்ட வாசகத் திருத்தத்தை நீதிமன்றம் பொருள் விளக்கம் என்ற பெயரில் செய்துகொடுத்தது.

24-ஐத் தாண்டினால்

கருவில் கடுமையான குறை இருந்தால் வாரியம். வல்லுறவால் வந்த கரு, ஆனால் கருவில் குறை எதுவும் இல்லை, 25 வாரம் ஆகிவிட்டது என்றால்? சட்டத்தில் பதில் இல்லை. உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். நியாயமாகப் பார்த்தால் தாமதமாக வருபவர்கள் பெரும்பாலும் யார்? நடந்ததைச் சொல்லத் தெரியாத சிறுமிகள், சொல்லப் பயந்தவர்கள். அவர்களைத்தான் இந்தச் சட்டம் வக்கீலைத் தேட வைக்கிறது.

2023 ஆகஸ்டில் குஜராத் உயர் நீதிமன்றத்தில் இப்படி ஒரு மனு. கரு 26 வாரத்தைத் தாண்டியிருந்தது. மருத்துவ அறிக்கை வந்த பிறகும் விசாரணையை 12 நாள் தள்ளிப்போட்டார்கள். உச்ச நீதிமன்றம் ஒரு சனிக்கிழமை சிறப்பாகக் கூடி, ஒவ்வொரு நாளும் முக்கியமாக இருக்கும் வழக்கில் இப்படிச் செய்யலாமா என்று கடிந்துகொண்டு, இரண்டு நாளில் அனுமதி தந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இரண்டு குழந்தைகளுக்குத் தாயான 27 வயதுப் பெண்ணின் வழக்கு வேறு மாதிரி முடிந்தது. மகப்பேற்றுக்குப் பிந்தைய மன அழுத்தத்தில் இருந்தவர், பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வராமல், கர்ப்பமே தாமதமாகத்தான் தெரிந்தது. 26 வாரம். முதலில் அனுமதி, பிறகு இரண்டு நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு, கடைசியில் மூன்று நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். அதற்குள் நாட்டு மக்கள் எல்லோரும் அந்தப் பெண்ணின் மருந்துச் சீட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்லி முடித்திருந்தார்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெண்ணின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டும் என்றால், எத்தனை வாரம், எத்தனை மருத்துவர் என்ற கணக்கெல்லாம் பொருந்தாது. ஐந்தாவது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. அயர்லாந்தில் இந்தத் தெளிவு இல்லாததால்தான் 2012-இல் கால்வே நகரில் இந்தியாவில் பிறந்த பல் மருத்துவர் ஒருவர் கருச்சிதைவின் நடுவே நோய்த்தொற்றில் இறந்தார். கலைத்துவிடும்படி கேட்டும் மறுத்துவிட்டார்கள். 2018-இல் அங்கே பொது வாக்கெடுப்பு நடந்து, 66.4 சதவீதம் பேர் தடையை நீக்க வாக்களித்தார்கள்.

சட்டம் கேட்காத கேள்விகள்

இனி வராந்தாவுக்கு வருவோம். எட்டு வாரக் கர்ப்பத்தோடு ஒரு பெண் போய் நிற்கிறாள். முதல் கேள்வி: "வீட்டுக்காரர் வந்திருக்காரா? கையெழுத்துப் போடணும்."

போட வேண்டியதில்லை. 18 வயது நிரம்பிய, மனநலம் உள்ள பெண்ணென்றால் அவள் ஒருத்தியின் சம்மதம் போதும் என்று 1971 சட்டத்திலேயே இருக்கிறது. கணவன், மாமியார், அப்பா, அண்ணன் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. அவள் கையெழுத்திட வேண்டிய தாளுக்குப் படிவம் சி என்று பெயர். அதில் கணவன் கையெழுத்துக்கு இடமே கிடையாது. ஆனாலும் கேட்கிறார்கள். ஏன்? எழுவாய் மருத்துவர் அல்லவா, பிற்பாடு பிரச்சினை வந்தால் மாட்டப்போவது அவர்தான். சட்டம் கேட்பதைவிட இரண்டு தாள் கூடுதலாகக் கையில் இருந்தால் அவருக்கு நிம்மதி. இரண்டாவது கேள்வி, "ரெண்டு குழந்தை இருக்கில்ல, அப்படியே குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிறீங்களா?" கேட்பதில் தப்பில்லை. அதைச் செய்தால்தான் இது என்று நிபந்தனை போடுவதற்குச் சட்டத்தில் ஒரு எழுத்துகூட ஆதாரம் இல்லை.

அந்தப் படிவத்தின் கதையும் சுவையானது. 2003-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி அதை உறையில் போட்டு ஒட்டி, மேலே "இரகசியம்" என்று எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு வரிசை எண். அதன் பிறகு கேஸ் ஷீட், தியேட்டர் பதிவேடு எதிலும் பெயர் கூடாது, எண்தான். இவ்வளவு பதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். வெளியே வராந்தாவில் "அபார்ஷன் கேஸ் யாரும்மா, உள்ள வாங்க" என்று குரல் கேட்கும்.

அந்தச் சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நம் பேச்சில் தானாகக் கலைவதும் அபார்ஷன், கலைத்துக்கொள்வதும் அபார்ஷன். முதலாவது கருச்சிதைவு, இரண்டாவது கருக்கலைப்பு. தானாகக் கலைந்து ரத்தப்போக்கோடு வரும் பெண்ணையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

இன்னொரு குழப்பம் இன்னும் மோசம். ஒவ்வொரு ஸ்கேன் சென்டரிலும் பலகை இருக்கும், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது, சொல்வது குற்றம் என்று. அது 1994-ஆம் ஆண்டின் வேறொரு சட்டம். பெண் சிசுவைத் தேடிக் கலைப்பதைத் தடுக்க வந்தது, தேவையான சட்டம். அது தடுப்பது பாலினம் பார்ப்பதை. கருக்கலைப்பை அல்ல. ஆனால் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டு, கருக்கலைப்பு மாத்திரை வைத்திருந்தாலே ரெய்டு வரும் என்று மருந்துக் கடைகள் ஒதுங்குகின்றன.

மாத்திரை என்றதும் சொல்ல வேண்டியது: மிஃபெப்ரிஸ்டோன் 2002-இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. மிசோப்ரோஸ்டாலோடு சேர்த்து, மருத்துவர் சீட்டின் பேரில், இப்போதைய விதிப்படி 9 வாரம் வரை கொடுக்கலாம். லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு ஒன்றின்படி 2015-இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் ஏறக்குறைய 1.56 கோடி. அவற்றில் முக்கால்வாசி, ஆஸ்பத்திரிக்கே போகாமல் மாத்திரையால் நடந்தவை. நாடாளுமன்றம் 20-ஆ 24-ஆ என்று வாதாடிக்கொண்டிருக்க, பெரும்பாலான பெண்கள் சட்டத்தின் வாசலுக்கே வராமல் பக்கத்துச் சந்து வழியாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். மாத்திரை ஆபத்தானது என்பதல்ல இதன் பொருள். சரியான வாரத்தில், சரியான அளவில் எடுத்தால் பாதுகாப்பானது. எத்தனை வாரம் என்று பார்த்துச் சொல்லவோ, ரத்தம் நிற்கவில்லை என்றால் எங்கே ஓடுவது என்று சொல்லவோ ஆளில்லாமல் எடுப்பதுதான் கவலை.

18 வயதுக்குக் கீழ் என்றால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்துவிடும். மருத்துவர் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். 17 வயதுப் பெண் இதைக் கேள்விப்பட்டால் ஆஸ்பத்திரிப் பக்கம் வருவாளா? சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், தகவலில் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 தீர்ப்பு ஒரு வழி காட்டியது. எத்தனை காவல் நிலையங்களுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கிறதோ.

நடக்காமல் போன ஒரு வரைவு

2014 அக்டோபரில் சுகாதார அமைச்சகம் ஒரு திருத்த வரைவை மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. 2021-இல் வந்ததைவிட அது இரண்டு விஷயத்தில் தைரியமானது. ஒன்று, மருத்துவர் மட்டும் என்றில்லாமல், பயிற்சி பெற்ற செவிலியர், கிராம சுகாதார செவிலியர், ஆயுர்வேத, யுனானி, ஹோமியோபதி மருத்துவர்களும் செய்யலாம் என்றது. தொலைதூரக் கிராமத்தில் மகப்பேறு மருத்துவருக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு அது ஒரு பதில். மருத்துவர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன, பாதுகாப்புப் போய்விடும் என்றன. அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சந்து வழியாகப் போகும் முக்கால்வாசிப் பேருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று யாரும் பதில் சொல்லவில்லை.

இரண்டாவது விஷயத்தைப் பற்றி அவ்வளவாகப் பேச்சே எழவில்லை. 12 வாரம் வரை, பெண் கேட்டுக்கொண்டாலே போதும் என்று எழுதியிருந்தார்கள். காரணம் கேட்காமல், எந்த வகை என்று பிரிக்காமல். நம் சட்ட வரைவு ஒன்றில் பெண் எழுவாயாக வந்தது அந்த வாக்கியத்தில்தான். வரைவு நாடாளுமன்றத்துக்குப் போகவில்லை. ஆறு வருஷம் கழித்துப் போன மசோதாவில் அந்த வாக்கியம் இல்லை.